பழைய காரும் துருவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய காரைப் புதுப்பிக்க இறங்குகிறவர்கள் முதலில் எஞ்சினைப் பற்றித்தான் கேட்பார்கள். எஞ்சின் போனால் இன்னொன்று தேடிப் பொருத்தலாம். உடல் இற்றுப்போனால் பொருத்துவதற்கு கார் என்று ஒன்று மிச்சமிருக்காது. அதனால் இங்கே துருவை மட்டும் பேசுவோம்.

துரு ஏன் ஒரே இடத்தில் நிற்பதில்லை?

இரும்பு, நீர், ஆக்சிஜன் மூன்றும் கூடினால் துரு. ஈரம் பட்ட தகட்டில் ஒரு புள்ளி நேர்முனையாகவும் பக்கத்துப் புள்ளி எதிர்முனையாகவும் மாறி, ஒரு குட்டி பேட்டரியே ஓட ஆரம்பிக்கிறது. இரும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. நீரில் உப்பு இருந்தால் மின்னோட்டம் இன்னும் சுலபமாகப் பாயும். கடலோரக் கார்களும், பனிக்காலத்தில் சாலையில் உப்பு தூவும் நாடுகளின் கார்களும் சீக்கிரம் இற்றுப்போவது இதனால்தான்.

அலுமினியமும் ஆக்சிஜனோடு சேரத்தான் செய்கிறது. ஆனால் அந்தப் படலம் இறுக்கமாக ஒட்டிக்கொண்டு, அடியில் இருப்பதைக் காப்பாற்றிவிடும். இரும்பின் துருவோ பொருக்குப் பொருக்காகக் கிளம்பி, ஈரத்தைப் பஞ்சு மாதிரி பிடித்து வைத்துக்கொள்ளும். தின்ற இரும்பைவிட அதிக இடத்தையும் அடைக்கும். இரண்டு தகடுகளைச் சேர்த்து வெல்டிங் வைத்த மடிப்புக்குள் துரு புகுந்தால், அந்த மடிப்பையே நெம்பித் திறக்கும். திறந்த வாய் வழியாக இன்னும் தண்ணீர் போகும்.

பெயிண்டில் சின்னச் சின்னக் குமிழ்கள்தான் தெரிகின்றன. தேய்த்துவிட்டு டச்சப் செய்தால் போதாதா?

அந்தத் துரு எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதைப் பொறுத்தது. கல் தெறித்து பெயிண்ட் பெயர்ந்த இடத்தில் வந்தது என்றால், அது வெளியிலிருந்து உள்ளே போகிற துரு. நடுவில் பெயர்ந்த புள்ளியும் சுற்றிப் பழுப்பும் தெரியும். அதைத் தேய்த்து முடித்துவிடலாம். கதவின் அடி விளிம்பிலோ சக்கர வளைவின் ஓரத்திலோ பெயிண்ட் உடையாமல் வரிசையாகக் குமிழ் கிளம்பியிருந்தால், அது பின்பக்கத்திலிருந்து தகட்டைத் தின்றுவிட்டு வெளியே வருகிற துரு. நீங்கள் பார்ப்பது அதன் கடைசிக் கட்டம்.

என் முதல் காரில் இந்த வித்தியாசம் எனக்குத் தெரியாது. பின்சக்கர வளைவில் இருந்த குமிழ்களைத் தேய்த்து, பட்டி (பள்ளத்தை நிரப்பிச் சமன் செய்யும் பசை) பார்த்து, பாலிஷ் போட்டு, ஊருக்கெல்லாம் காட்டினேன். இரண்டாவது மழைக்காலம் முடிவதற்குள் பட்டி மொத்தமாக ஒரு பாளமாகக் கழன்று கையில் வந்தது. பின்னால் தகடே இல்லை.

வாங்குவதற்கு முன் எங்கெங்கே பார்க்க வேண்டும்?

தண்ணீர் உள்ளே போய் வெளியேற முடியாமல் தங்கும் இடங்களை யோசியுங்கள். பட்டியல் தானாக வரும்.

கதவுக்கு அடியில் முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடும் பெட்டி போன்ற சட்டம்தான் முதல் இடம். இதை இங்கே வாசல் சட்டம் என்றே சொல்கிறேன். தனி சேஸிஸ் இல்லாத, உடலே சேஸிஸாக இருக்கும் கார்களில் முதுகெலும்பு மாதிரி இருப்பது இதுதான். ஜாக்கி வைக்கும் இடத்தில் தகடு உள்ளே அமுங்கியிருந்தால் மேற்கொண்டு விசாரிக்கவே வேண்டாம். அடுத்தது கதவுகள். கண்ணாடி வழியாகக் கதவுக்குள் தண்ணீர் போவது இயல்பு. போன தண்ணீர் அடியில் இருக்கும் சிறு துளைகள் வழியாக வெளியேற வேண்டும். அந்தத் துளைகள் மண்ணால் அடைத்திருந்தால் கதவின் அடி எப்போதும் ஊறிக்கொண்டிருக்கும்.

முன்கண்ணாடியின் ரப்பர் பீடிங்கை ஒரு மூலையில் மெல்லத் தூக்கிப் பாருங்கள். கண்ணாடிக்கு முன்னால், வைப்பர்களுக்கு அடியில் இருக்கும் பள்ளத்தில் சருகுகள் மக்கிக் கிடக்கும். அங்கிருந்து தண்ணீர் நேராகக் கால்வைக்கும் தரைக்குப் போகும். தரைவிரிப்பைத் தூக்கி அடியில் இருக்கும் கனத்த ஃபெல்ட்டைத் தொட்டுப் பாருங்கள். மேலே உலர்ந்திருக்கும், அடி பிழிந்தால் சொட்டும். டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழி, பேட்டரித் தட்டு, பின் சஸ்பென்ஷன் பொருத்தும் இடம், சீட் பெல்ட் போல்ட்டைச் சுற்றிய தகடு இவற்றையும் விடாதீர்கள். கூரைக்கு வினைல் உறை போட்ட மாடலாக இருந்தால், அந்த உறைக்குக் கீழே என்ன நடக்கிறது என்பது அதை உரிக்கும் வரை யாருக்கும் தெரியாது.

கையில் ஒரு சிறு காந்தமும் ஒரு பழைய ஸ்க்ரூடிரைவரும் போதும். காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி உடல் முழுக்க ஓட்டுங்கள். பிடி தளரும் இடத்தில் பட்டி இருக்கிறது. ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் தட்டினால் நல்ல தகடு கணீரென்று கேட்கும், இற்ற தகடு பொத்துப் பொத்தென்று கேட்கும். முனையால் குத்திப் பார்க்கும் முன் உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

எந்த அளவு துருவைச் சுத்தம் செய்யலாம், எதை வெட்டித்தான் எறிய வேண்டும்?

மேலோட்டமான பழுப்பு கம்பித் தூரிகைக்கே போய்விடும். குழிகுழியாக அரித்த தகட்டில், குழிகளின் அடி சுத்தமாகும் வரை வேலை செய்து, மிச்சக் கனம் போதுமானதாக இருந்தால் வைத்துக்கொள்ளலாம். விரலால் அழுத்தினால் நெளியும் தகடு, பொருக்கு உதிர்த்ததும் ஊசிமுனை வெளிச்சம் தெரியும் தகடு வெட்ட வேண்டியதுதான். கார் உடல் தகடு புதிதாக இருக்கும்போதே பெரும்பாலும் 0.8 முதல் 1 மி.மீ. வரைதான். அதில் பாதியைத் துரு தின்றபின் என்ன மிச்சம்?

சஸ்பென்ஷன், ஸ்டீயரிங், சீட் பெல்ட் பிடிக்கும் இடங்களில் சந்தேகத்தின் பலனைத் துருவுக்குக் கொடுக்காதீர்கள். அங்கெல்லாம் குழி அரித்திருந்தாலே மாற்றிவிட வேண்டும் என்பது என் கட்சி.

துருவை எடுக்க எது சிறந்த வழி?

பொருளைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். பெரிய, திறந்த தகடுகளுக்கு கிரைண்டரும் கம்பித் தூரிகையும் உப்புத்தாளும். ஒன்று மட்டும் கவனம்: கம்பித் தூரிகை துருவை மெருகேற்றிப் பளபளப்பாக்கிவிடும். கறுத்து மின்னும் அந்தப் பரப்பு பார்க்க இரும்பு மாதிரியே இருக்கும், ஆனால் குழிக்குள் துரு அப்படியே உட்கார்ந்திருக்கும். உப்புத்தாளால் மறுபடி தேய்த்து, வெள்ளி நிறம் தெரிகிறதா என்று பாருங்கள். கிரைண்டரை ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்தால் தகடு சூடேறி வளையும்; நல்ல இரும்பும் தேய்ந்துபோகும்.

சேஸிஸ், சஸ்பென்ஷன் கைகள் போன்ற கனமான பாகங்களுக்கு பிளாஸ்டிங், அதாவது காற்றழுத்தத்தால் துகள்களைப் பீய்ச்சித் துருவை உரிப்பது, அருமையான வேலை. குழிகளுக்குள்ளும் போய்ச் சுத்தம் செய்யும். அதே வேகத்தை பானட்டிலோ கதவிலோ காட்டினால் தகடு அலையலையாக நெளிந்துவிடும், அதைத் திரும்ப நேராக்குவது பெரும்பாடு. ஆற்று மணலை உபயோகிக்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். அதன் சிலிக்கா தூசி நுரையீரலில் தங்கி சிலிகோசிஸ் என்ற தீராத நோயைக் கொண்டுவரும். கார்னெட் மாதிரி மாற்றுத் துகள்கள் இருக்கின்றன. சமையல் சோடாத் துகளைப் பீய்ச்சும் சோடா பிளாஸ்டிங் பெயிண்டை மென்மையாக உரிக்கும், துருவை அவ்வளவாகத் தொடாது. மிச்ச சோடாவைக் கழுவாவிட்டால் அதன்மேல் அடிக்கும் பெயிண்ட் ஒட்டாது.

சின்னப் பாகங்களுக்கு எனக்குப் பிடித்தது மின்பகுப்பு. பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர், 4 லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவை சோடா, ஒரு 12 வோல்ட் பேட்டரி சார்ஜர். எதிர்முனை துருப்பிடித்த பாகத்துக்கு, நேர்முனை வேண்டாத சாதாரண இரும்புத் துண்டுக்கு. மாற்றிக் கொடுத்தால் உங்கள் பாகம்தான் கரையும். இரும்புத் துண்டுக்குப் பதில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கரண்டியை மாட்டாதீர்கள். அதிலிருந்து நச்சான குரோமியம் சேர்மம் தண்ணீரில் கலக்கும். ஹைட்ரஜன் வாயு வெளியேறும் என்பதால் காற்றோட்டமான இடத்தில், தீப்பொறி படாமல் வைக்க வேண்டும். இதில் பிடித்த விஷயம், நல்ல இரும்பு அப்படியே இருக்கும். வெறும் துரு மட்டும் இளகிக் கறுப்புச் சேறாகக் கழுவினால் போய்விடும்.

சிட்ரிக் அமிலமும் நன்றாகவே வேலை செய்யும். லிட்டருக்கு 50 கிராம் கலந்து, சில மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்துத் தேய்த்துப் பார்க்கலாம். பொறுமை நிறைய இருப்பவர்கள் ஒரு பங்கு மொலாசஸுக்கு (சர்க்கரை ஆலையில் மிஞ்சும் கரும்புப் பாகு) ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து வாரக்கணக்கில் ஊறவைப்பார்கள். முடிவு அழகாக இருக்கும். நாற்றம் தாங்காது.

ஸ்பிரிங்குகளையும் உயர் வலு போல்ட்டுகளையும் அமிலத்திலும் மின்பகுப்பிலும் போடாதீர்கள். ஹைட்ரஜன் உலோகத்துக்குள் புகுந்து அவற்றை நொறுங்கும்படி ஆக்கலாம்.

குளியலறை கழுவும் ஆசிட் நிமிடத்தில் துருவை எடுக்கிறதே?

எடுக்கும். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அதன் குளோரைடு தகட்டின் நுண்குழிகளிலும் மடிப்புகளிலும் தங்கி, நீங்கள் பெயிண்ட் அடித்த பிறகு அடியில் இருந்துகொண்டே மறுபடி துருவை வளர்க்கும். ஆவியும் சும்மா இருக்காது. ஒருமுறை இரவு ஒரு வாளியில் ஊறவைத்துவிட்டுப் போனேன். காலையில் அலமாரியில் இருந்த ஸ்பானர்கள் எல்லாம் ஆரஞ்சு நிறம்.

துருவின் மேலேயே அடிக்கும் ரஸ்ட் கன்வெர்ட்டர் நம்பகமானதா?

தன் எல்லைக்குள் நம்பகமானது. இவற்றில் இருப்பது பெரும்பாலும் டானிக் அமிலம் அல்லது பாஸ்பாரிக் அமிலம். டானிக் அமிலம் துருவை நீலங்கலந்த கறுப்பான இரும்பு டானேட்டாக மாற்றும்; பாஸ்பாரிக் அமிலம் இரும்பு பாஸ்பேட்டாக மாற்றும். இரண்டும் ஓரளவு நிலையானவை. ஆனால் திரவம் தொட்ட துருதான் மாறும். தடித்த பொருக்கின்மேல் தடவினால் மேல்தோல் கறுப்பாகும், அடியில் பழைய கதை தொடரும். உதிர்கிற அனைத்தையும் சுரண்டி எடுத்துவிட்டு, குழிகளில் மிஞ்சிய மெல்லிய துருவுக்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள். அமில மிச்சத்தின் மேல் எபாக்ஸி பிரைமர் (பெயிண்டுக்கு முன் தகட்டில் அடிக்கும் பிசின் வகை அடிப்பூச்சு) சரியாக ஒட்டாது. கன்வெர்ட்டர் டப்பாவில் சொன்னபடி கழுவி அல்லது தேய்த்து எடுத்த பிறகே அடுத்த கோட்டிங்.

ஓட்டைக்கு ஃபைபர் கிளாஸ் ஒட்டிப் பட்டி பார்த்தால்?

விற்பதற்குத் தயார் செய்கிறவர்கள் செய்கிற வேலை அது. பட்டியில் இருக்கும் டால்க் தூள் ஈரத்தை உறிஞ்சும். பின்பக்கம் திறந்திருந்தால் அந்த ஈரம் நேராகத் தகட்டுக்குப் போய்ச் சேரும். பட்டிக்கு ஒரே ஒரு வேலைதான்: முழுத் தகட்டின்மேல் இருக்கும் சிறு மேடு பள்ளத்தைச் சமன் செய்வது.

தகட்டை வெட்டி வெல்டிங் வைக்கும்போது என்ன கவனிக்க வேண்டும்?

ஓட்டையின் விளிம்பில் வெட்டாதீர்கள். அங்கே தகடு தாளாக மெலிந்திருக்கும். வெல்டிங் தொட்டதும் பொத்துக்கொள்ளும், நீங்களும் ஓட்டையைத் துரத்திக்கொண்டே போவீர்கள். பளிச்சென்ற நல்ல தகடு வரும்வரை வெட்டிவிட்டு, அதே கனமுள்ள புதுத் தகட்டைப் பொருத்துங்கள். பழையதன்மேல் புதியதை ஏற்றி வைத்து ஓட்டினால் வேலை சுலபம்தான், ஆனால் நடுவில் ஈரம் தங்க ஒரு புது மடிப்பை நீங்களே கட்டிக்கொடுக்கிறீர்கள். முடிந்த இடங்களில் விளிம்போடு விளிம்பு சேர்ப்பதே நல்லது.

கம்பி தானாக ஊட்டப்படும் மிக் வெல்டிங்கில் 0.6 மி.மீ. கம்பி இந்தத் தகடுகளுக்கு ஏற்றது. ஒரே இழுப்பாக ஓட்டாமல், இங்கே ஒரு பொட்டு, எதிர்மூலையில் ஒரு பொட்டு என்று தாவித் தாவி வையுங்கள். சூடு பரவி ஆற நேரம் கொடுத்தால் தகடு நெளியாது.

வாசல் சட்டத்தை வெட்டுவதானால், அதற்கு முன் கதவுத் திறப்பின் குறுக்கே ஒரு இரும்புக் குழாயைத் தற்காலிகமாக வெல்டிங் வைத்து இறுக்குங்கள். இல்லாவிட்டால் கார் நடுவில் லேசாகத் தொய்ந்து, வேலை முடிந்தபின் கதவு மூடாது. இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் வெட்டுவதைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

பாதுகாப்புக்கு இரண்டு வார்த்தை. பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள், தரைவிரிப்பையும் டேங்கையும் அப்புறப்படுத்துங்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இடத்தில் வெல்டிங் வைக்கக் கூடாது. அந்தச் சூட்டில் பாஸ்ஜீன் என்ற கொடிய விஷவாயு உண்டாகும். துத்தநாகம் பூசிய தகட்டை வெல்டிங் வைத்தால் வரும் வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் அன்றிரவே காய்ச்சல் வரும்.

ரெட் ஆக்சைடு அடித்து வைத்துவிட்டால் காப்பாற்றாதா?

நிறைய பேர் இதை நம்பித்தான் ஏமாறுகிறார்கள். அதில் நிறமாக இருப்பதே இரும்பு ஆக்சைடு, அதாவது துருவின் உறவுக்காரன். அது நிறத்தின் குற்றமில்லை. சாதாரண ரெட் ஆக்சைடு பிரைமர் நுண்துளைகள் உள்ள படலம், மேலே பெயிண்ட் வராமல் மாதக்கணக்கில் வெளியில் நின்றால் ஈரம் அதனூடே போய்விடும். "பிரைமர் அடிச்சாச்சு, மெதுவா பார்ப்போம்" என்று நிறுத்திய கார்களை மறு வருடம் உரித்துப் பார்த்தால் தெரியும்.

வெறும் தகட்டுக்கு இரண்டு பாகம் கலக்கும் எபாக்ஸி பிரைமர்தான் என் சிபாரிசு. இறுக்கமான படலம், நன்றாக ஒட்டும், பட்டியையும் அதன்மேலேயே வைக்கலாம். சுத்தம் செய்த தகட்டை வெறுங்கையால் தொடாதீர்கள், வியர்வையின் உப்பே போதும். காற்று ஈரமாக இருந்தால் சில மணி நேரத்தில் மெல்லிய ஆரஞ்சுத் திரை படரும். ஆகவே அன்றைக்கு பிரைமர் அடிக்க முடிகிற அளவுக்கே அன்றைக்குச் சுத்தம் செய்யுங்கள். மடிப்புகளின் இடைவெளியை அடைக்கும் பசையான சீம் சீலரை பிரைமருக்குப் பிறகு, பெயிண்டுக்கு முன் போட வேண்டும்.

இரண்டு பாக யூரித்தேன் பெயிண்டில் ஐசோசயனேட் என்ற, நுரையீரலைக் கெடுக்கும் நச்சு இருக்கிறது. சாதாரணத் தூசி முகமூடி அதற்குப் போதாது. வெளியிலிருந்து காற்று தரும் முகமூடி இல்லையென்றால் அந்த வேலையைப் பெயிண்ட் பூத் உள்ளவரிடம் விட்டுவிடுங்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம் என்பதால், உலர்ந்த நிலையில் தேய்க்காமல் தண்ணீர் விட்டுத் தேய்ப்பது நல்லது. ஈரமான தகட்டை உடனே துடைத்து உலர்த்துங்கள்.

பெயிண்ட் போகாத உள்ளறைகளை என்ன செய்வது?

துரு பிறந்ததே அங்கேதான். ஆனாலும் பெரும்பாலான புதுப்பிப்புகளில் யாரும் எட்டிப் பார்க்காத இடமும் அதுதான். வெளியே ஏழு கோட்டிங், வாசல் சட்டத்துக்குள் வெறும் இரும்பு.

கேவிட்டி வாக்ஸ் என்று கிடைக்கும் திரவ மெழுகை, எல்லாப் பக்கமும் பீய்ச்சும் நுனி கொண்ட நீண்ட குழாயால் உள்ளே செலுத்த வேண்டும். குழாயைக் கடைசிவரை விட்டு, பீய்ச்சிக்கொண்டே மெதுவாக வெளியே இழுங்கள். வெயில் நாளில் செய்தால் மெழுகு இளகி மடிப்புகளுக்குள் ஊர்ந்து போகும். வெல்டிங் வேலை எல்லாம் முடிந்த பிறகுதான் இது; மெழுகு தீப்பிடிக்கும். அடியில் இருக்கும் வடிகால் துளைகளிலிருந்து மெழுகு சொட்ட ஆரம்பித்தால் உள்ளே போதுமான அளவு போயிருக்கிறது என்று அர்த்தம். சொட்டி முடிந்ததும் ஒரு கம்பியால் துளைகளைக் குத்தித் திறந்துவிட மறக்காதீர்கள். உயிரைக் காப்பதே அந்தத் துளைகள்தான்.

அடிப்பகுதி முழுக்கத் தார் கோட்டிங் அடித்துவிடலாமா?

புது இரும்பின்மேல், பிரைமருக்கு மேல் என்றால் சில வருடம் பரவாயில்லை. பிறகு அது காய்ந்து வெடிக்கும். வெடிப்புக்குள் போன தண்ணீர் வெளியே வராது, கோட்டிங் பார்க்க முழுசாக இருக்கும், அடியில் தகடு கரைந்துகொண்டிருக்கும். இருக்கும் துருவின்மேல் அடிப்பது அதைப் போர்வை போர்த்தி வளர்ப்பதற்குச் சமம். இறுகாமல் இளக்கமாகவே இருக்கும் மெழுகு வகை அல்லது ஆட்டுரோமக் கொழுப்பான லானோலின் வகை எனக்குப் பிடிக்கும். அவ்வப்போது மறுபடி அடிக்க வேண்டும், தொட்டால் கை அழுக்காகும். பரவாயில்லை.

பெட்ரோல் டேங்கின் உள்ளே துரு. கழுவி உபயோகிக்கலாமா?

மேலோட்டமான துரு என்றால் சிட்ரிக் அமிலக் கரைசலும், உள்ளே போட்டுக் குலுக்க ஒரு சிறு சங்கிலியும் போதும். பிறகு நன்றாகக் கழுவி, உடனே உலர்த்தி, எண்ணெய் படரவிடுங்கள். ஓட்டை விழுந்திருந்தால் புதுசு வாங்குங்கள். காலியான டேங்கில் வெல்டிங் வைக்க ஒருபோதும் முயலாதீர்கள். காலி டேங்க்தான் ஆவி நிறைந்தது, வெடிப்பதும் அதுதான்.

பிரேக் குழாய்களில் துரு?

தேய்க்க வேண்டாம். மாற்றுங்கள். செம்பு-நிக்கல் கலவைக் குழாய்கள் கிடைக்கின்றன, அவை துருப்பிடிக்காது, வளைக்கவும் சுலபம்.

கழலாத போல்ட்?

ஊடுருவும் எண்ணெயை முந்தின நாளே விடுங்கள். மறுநாள் முதலில் இறுக்கும் பக்கமாக ஒரு துளி திருப்பி, பிறகு கழற்றும் பக்கம். நகர ஆரம்பித்ததும் ஒரேயடியாகச் சுழற்றாமல் முன்னும் பின்னுமாக. அப்படியும் அசையாவிட்டால் நட்டுக்குச் சூடு காட்டலாம், பக்கத்தில் எண்ணெயோ ரப்பரோ இல்லாதவரை.

துருப்பிடிக்காத உடல் கொண்ட காராகப் பார்த்து வாங்கிவிட்டால்?

1981இல் வந்த டிலோரியனுக்கு வெளித்தகடுகள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அதைத் தாங்கும் சட்டம் சாதாரண எஃகு, மேலே எபாக்ஸி பூச்சு. பூச்சு உடைந்த இடத்தில் அதுவும் எல்லாரையும் போலத் துருப்பிடிக்கும். பழைய லேண்ட் ரோவர்களின் அலுமினிய உடலும் எஃகுச் சட்டமும் தொடும் இடங்களில் வேறொரு சிக்கல்: இரண்டு உலோகம், நடுவில் ஈரம், அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். அங்கெல்லாம் நடுவில் பிளாஸ்டிக் அல்லது ரப்பர் வாசர் வைக்க வேண்டும். போர்ஷே 911க்கு 1970களின் நடுவிலிருந்தே துத்தநாகம் பூசிய தகடு வந்தது. துத்தநாகம் தன்னைக் கொடுத்து இரும்பைக் காக்கும். ஆனால் வெட்டி வெல்டிங் வைத்த இடத்தில் அந்தத் துத்தநாகம் எரிந்து போயிருக்கும் என்பதை மறக்கக் கூடாது.

பேட்டரியில் இணைத்தால் துருவே வராது என்று ஒரு மின்னணுக் கருவி விற்கிறார்களே?

கப்பலின் அடிப்பகுதிக்கும் மண்ணுக்குள் புதைத்த குழாய்க்கும் மின்சாரத்தால் பாதுகாப்பு கொடுக்க முடியும், ஏனென்றால் அவற்றைச் சுற்றி நீரோ ஈரமண்ணோ தொடர்ச்சியாக இருக்கிறது. கார் காற்றில் நிற்கிறது, சுற்று முழுமையாவதில்லை. அந்தப் பணத்துக்கு மெழுகு வாங்குங்கள்.

வேலை முடிந்த காரை எப்படி நிறுத்தி வைப்பது?

காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 60 சதவீதத்தைத் தாண்டினால் துரு வேகமெடுக்கும். 50 வாக்கில் வைத்தால் காரும் பிழைக்கும், சீட்டின் தோலும் வெடிக்காது. பிளாஸ்டிக் தார்ப்பாயால் இறுக்கிப் போர்த்தாதீர்கள், இரவில் உள்ளே வியர்த்துக் கொட்டும். மூச்சுவிடும் துணி உறையே போதும். மண் தரையில் நிறுத்துவதானால் அடியில் கனத்த பாலித்தீன் விரியுங்கள். நனைந்த காரை மூடிய ஷெட்டில் உடனே ஏற்றிப் பூட்டுவதைவிட, கொஞ்ச நேரம் காற்றாட வெளியே விடுவது மேல்.

கழுவும்போது சக்கர வளைவின் உள்பக்கத்தையும் அடிப்பகுதியையும் முதலில் கழுவுங்கள்; மேல்பக்கம் எப்படியும் கண்ணில் பட்டுக் கழுவப்படும். வருடத்துக்கு ஒருமுறை, மழைக்கு முன், வடிகால் துளைகளைக் கம்பியால் குத்திப் பாருங்கள். கம்பி நுனியில் மெழுகு ஒட்டி வந்தால் அந்த அறை நன்றாக இருக்கிறது. பழுப்புத் தூள் வந்தால் குழாயை எடுத்து மறுபடி மெழுகு விட வேண்டிய நேரம்.